பூனியான் வீட்டுச் சம்பந்தி

வாசுகியின் உள்ளங்கை மேசையில் அறைந்த வேகத்தில் பகடைகள் துள்ளின. ஒன்று உருண்டு தையல் மெஷினுக்கு அடியில் போய்விட்டது.

“அண்ணே, அவன் குரல்ல மட்டும் பேசாதீங்க.”

நான் பாதி வாக்கியத்தில் நின்றேன். “அக்கா, நான் இங்கதான்...” என்று நடுங்கும் இளைஞன் குரலில் ஆரம்பித்திருந்தேன். அந்தக் குரலுக்காக வீட்டுக் குளியலறையில் இரண்டு நாள் பயிற்சி வேறு எடுத்திருந்தேன். ஆட்டத்தில் அவள் ஐந்து வாரமாகத் தேடிக்கொண்டிருந்த தம்பி முதல்முறையாக வாய் திறக்கும் கட்டம் அது. மேசையில் எல்லோரும் அழுதுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

யாரும் அழவில்லை. லோகா கையிலிருந்த கத்தரிக்கோலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். ரவீன் குனிந்து பகடையைத் தேடும் சாக்கில் மேசைக்கு அடியிலேயே இருந்துகொண்டான். கீழ்க்கடையிலிருந்து வடை பொரியும் வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

“அது கதை இல்ல அண்ணே,” என்றாள் வாசுகி. “என் சொந்தத் தம்பி.”

ஞாயிறு, இரண்டு மணி

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் கன்டெய்னர் படிவங்களைப் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகர், “ஐம்பது தாண்டிய ஆள் பொம்மை விளையாட்டு வேறு விளையாடுகிறாராமே” என்று கேட்டு எழுதியிருக்கிறார். ஆமாம் ஐயா, விளையாடுகிறேன். உங்களுக்குப் பொறாமையாக இருந்தால் அதற்கு நான் என்ன செய்ய?

ஆட்டம் இதுதான். ஒரு மேசை, நான்கு பேர், சில பகடைகள். ஒருவர் கதைசொல்லி; அது நான். காடு, ஆறு, அதில் எதிர்ப்படும் ஆட்கள் எல்லாம் என் வாயில். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரம். “நான் கதவைத் தட்டுகிறேன்” என்று அவர்கள் சொன்னால், திறப்பது யார் என்று நான் சொல்ல வேண்டும். சந்தேகமான இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். அவ்வளவுதான். இதைச் சொன்னால் என் மனைவி, “வாயாலேயே ஆடுவதென்றால் உங்களுக்கு வசதிதான்” என்கிறாள்.

இடம் பிரிக்பீல்ட்ஸில் லோகாவின் ரவிக்கைக் கடை மாடி. ஞாயிறு மதியம் கடைக்கு விடுமுறை என்பதால் வெட்டும் மேசை எங்களுக்கு. நான் சர்ச் முடிந்து பைபிள் பையோடு நேராக வந்துவிடுவேன். பங்சாரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ரவீன் ஆங்கில விதிப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு வருவான். வாசுகி காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவாள். கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை அவளுக்கு. எங்கள் மூவரில் யாரையும்விட நேரத்துக்கு வருபவள் அவள்தான்.

எனக்கு இந்த ஆட்டத்தில் ஒரே ஒரு பெருமை உண்டு. நான் எழுதிய விதியை யாருக்காகவும் மாற்றியதில்லை. முப்பது வருடம் துறைமுகத்தில் படிவம் நிரப்பியவனுக்கு வேறு என்ன குணம் வரும்?

செம்பருத்திக்குள் யார் இருந்தது?

இந்த வருடம் நான் எடுத்துக்கொண்ட கதை, கண்ணுக்குத் தெரியாமல் நம்மோடு வாழ்கிறவர்களைப் பற்றியது. தேவதைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளே ரவீன் ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு நான் போஸ், அதாவது முதலாளி. “போஸ், ரூல் புக்ல ஃபேரிக்கு இறக்கை இருக்கு. பறக்கும். இத்தனை அடி தாங்கும்னு நம்பரே போட்டிருக்கான்.”

இறக்கை என்றாலே எனக்கு ஆகாது. எட்டு வயதில் சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்தில் என்னைத் தேவதூதனாக நிறுத்தினார்கள். அட்டையில் பஞ்சு ஒட்டிய இறக்கை. கம்பி முதுகில் குத்திக்கொண்டே இருந்தது. “பயப்படாதிருங்கள்” என்று மேய்ப்பர்களைப் பார்த்துச் சொல்ல வேண்டியவன் “ஆ!” என்று கத்தினேன். சபையே சிரித்தது. என் அப்பா ரயில்வேயில் இருந்தவர், சிரிப்பு அவருக்கு லேசில் வராது; அவரும் சிரித்தார்.

அதே வருடம்தான் பள்ளிக்கூட ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு படம் பார்த்தேன். தும்பி இறக்கை முளைத்த கட்டைவிரல் உயரப் பெண் ஒருத்தி, பூவுக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து எங்கள் குவார்ட்டர்ஸ் வாசல் செம்பருத்தியை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். எறும்புதான் இருந்தது, அதுவும் கடித்தது.

“நம்ம கன்னிமாருக்கு எங்க இறக்கை?” என்றாள் லோகா. “ஏழு பேரும் நடந்துதான் வருவாங்க. வருசா வருசம் ஆத்தோரக் கோயிலுக்கு ஏழு குட்டிப் பாவாடை தெச்சுத் தரேன். ஒரு சாண் உயரம், ஏழும் ஒரே அளவு. ஒன்னு கால் இஞ்சு கொறஞ்சாலும் அந்தப் பொண்ணு கோவிச்சுக்கும்.”

“கோவிச்சுக்கிட்டா என்ன பண்ணும்?” என்றான் ரவீன்.

“என்ன பண்ணும்? வீட்டுக்கு வந்த நாத்தி கோவிச்சுக்கிட்டா என்ன பண்ணுமோ அதத்தான்.”

நான் அதைச் சிரித்துக்கொண்டே நோட்டில் குறித்துக்கொண்டேன். பின்னால் அது எனக்கே வினையாக வரும் என்று தெரியாது.

பாக் ஹாலிம் சொன்ன முதல் சொல்

இந்தப் பக்கத்து ஆளாக இருந்தால் பூனியான் என்ற பெயரைக் கேட்காமல் இருக்க முடியாது. மலாய்க்காரர்கள் சொல்லும் மறைந்து வாழும் மக்கள். நம்மைப் போலவே உருவம், நம்மைப் போலவே வீடு வாசல், கல்யாணம் காட்சி. நமக்குத் தெரியாது என்பதுதான் ஒரே வித்தியாசம். அந்தக் காலத்தில் கம்பத்தில், அதாவது கிராமத்தில், விருந்து என்றால் தட்டு, கிண்ணம் எல்லாம் அவர்களிடம் இரவல் வாங்குவார்களாம். யாரோ ஒருவர் திருப்பிக் கொடுக்காமல் ஏமாற்றியதால் கொடுப்பதை நிறுத்திவிட்டார்களாம். இறக்கை முளைத்த எந்தத் தேவதையைவிடவும் இந்தத் தட்டுக் கதை எனக்கு நம்பும்படியாக இருக்கிறது.

எங்கள் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பாக் ஹாலிம், கிடங்குக்குப் பின்னால் புதர்ப்பக்கம் ஒதுங்கப் போகும்போதெல்லாம் வாய்க்குள் ஒன்று முனகுவார். “தோக், சூச்சு தும்பாங் லாலு.” தாத்தா, உங்கள் பேரப்பிள்ளை இந்த வழியாகப் போய்க்கொள்கிறேன் என்று அர்த்தம்.

அதை எத்தனையோ வருடமாகக் கேட்டிருக்கிறேன். நோட்டைத் திறந்து விதி எழுத உட்கார்ந்த அன்றுதான் உறைத்தது. அதில் முதல் சொல்லே தாத்தா. மந்திரம் கிடையாது, மிரட்டல் கிடையாது, பேரமும் கிடையாது. ஒரு உறவு சொல்லி அழைத்தால் போதும், அவர் தாத்தாவாக நடந்துகொள்ள வேண்டும்.

வெள்ளைக்காரன் ஊர்த் தேவதைகள் வாக்குக்குக் கட்டுப்படுவார்கள். அவர்களிடம் ஒப்பந்தம் பேசும்போது வக்கீலைப் போலப் பேச வேண்டும். நம் ஊரில் கதையே வேறு. முன்பின் தெரியாத கடைக்காரரை அங்கிள் என்கிறோம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளை அக்கா என்கிறோம். அங்கிள் ஆன பிறகு அவரால் அதிக விலை சொல்ல முடிகிறதா பாருங்கள். சொல்வார், ஆனால் கொஞ்சம் கூச்சத்தோடு சொல்வார்.

ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று விதி எழுதினேன். ஒன்று, முறை சொல்லிக் கூப்பிட்டால் பூனியான் அந்த முறைக்குக் கட்டுப்படும். இரண்டு, மனிதரிடமிருந்து எந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டாலும் அதைத் துளியும் மீறாது. மூன்று, அவர்கள் சாப்பாட்டில் உப்பு கிடையாது. அங்கே சாப்பிட்ட மனிதனுக்கு உப்பு ருசி மறந்துவிடும், அவனால் திரும்ப முடியாது.

நீல வீடு

இனி அந்த மேசைக்கு வருகிறேன்.

வாசுகியின் தம்பி பெயர் சரவணன். வயது பத்தொன்பது. காப்பாரில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் பாக்காவ் காடு. வேர்கள் சேற்றுக்கு மேலே நிற்கும் சதுப்பு நிலம். ஒரு காலை நண்டுக் கூண்டு வைக்கப் போனவன் திரும்பவில்லை. கரையில் மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றது. கண்ணாடியில் ஹெல்மெட் தொங்கியது. ஊர் முழுக்கத் தேடியது, படகு வந்தது, எதுவும் கிடைக்கவில்லை. பூனியான் கூட்டிப் போய்விட்டது என்றார்கள். வருடங்கள் ஓடிவிட்டன.

“அந்த மோட்டார்லதான் நான் வரேன்,” என்றாள் வாசுகி.

அம்மா காரியம் செய்ய விடவில்லை. படத்துக்கு மாலை போட விடவில்லை. வீட்டுச் சுவர் நீலம். வேறு நிறம் அடிக்க விடவில்லை. ஒரு இரவுகூட வெளியே தங்கியதில்லை. அம்பாங்கில் சொந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டு, விருந்து முடியும் முன்பே பஸ் ஏறிவிட்டார். கடல் ஏறும் மாதங்களில் தண்ணீர் அந்த வீட்டுக்குள் வந்துவிடுகிறது. போன தடவை வாசுகி வேலையிலிருந்து வந்து பார்த்தபோது, அம்மா அடுப்பு மேடையில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாராம்.

“கிள்ளான்ல ஃபிளாட் எடுத்து ஒரு வருசமாச்சு அண்ணே. பூட்டியே கெடக்கு. வாம்மான்னா, ‘அவன் வந்தா எங்கடி தேடுவான்’னு கேக்குறாங்க. செத்துட்டான்னு என் வாயால சொல்ல முடியல. சொன்னாலும் அம்மா கேக்க மாட்டாங்க.”

நான் நோட்டை மூடினேன். ஆட்டத்தை இத்தோடு நிறுத்திவிடலாம் என்றேன். ஒரு பெண்ணின் துக்கத்தின் மேல் நான் பகடை உருட்டிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று நினைக்கவே வெட்கமாக இருந்தது.

“நிறுத்தாதீங்க,” என்றாள். “பூனியான் கூட்டிட்டுப் போச்சுன்னு ஊரே சொல்லுதுல்ல? சரி, அப்படியே இருக்கட்டும். கூட்டிட்டுப் போனவங்கள யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா? நான் கேக்கணும். அம்மாவுக்குச் சொல்ல எனக்கு ஒரு பதில் வேணும்.”

“ஆட்டத்துல கெடைக்கிற பதில் எப்படிம்மா...”

“ஆட்டம்னு எனக்குத் தெரியாதா? ஒன்னு மட்டும் சொல்றேன் அண்ணே. எனக்காக ரூல மாத்தாதீங்க. மாத்துனா அது நீங்க பாவம் பாத்துக் குடுத்தது. எனக்கு அது வேணாம். ஜெயிச்சு வாங்கணும்.”

அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்திடம் முடியாது என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அவன் குரலில் பேச மாட்டேன், விதியையும் தளர்த்த மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இரும்பும் சீப்பும்

தம்பி வாய் திறந்த கட்டத்தை அழித்துவிட்டு, பூனியான் வீட்டு வாசலிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். முதல் வாரம் அவள் இரும்பை எடுத்துக்கொண்டு போனாள். ஆட்டத்தில்தான், ஆனால் லோகாவின் கத்தரிக்கோலை நிஜமாகவே மேசையில் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். இரும்பைக் கண்டால் அஞ்சுவார்கள் என்பதில் ரவீனின் ஆங்கிலப் புத்தகமும் நம் ஊரும் ஒன்றுதான். என் அம்மா மெத்தடிஸ்ட் சபையில் பாட்டுக் குழுவில் இருந்தவர். ஆனாலும் ஆட்டுக்கறி சமைத்து உறவுக்காரர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது தூக்குச்சட்டியோடு ஒரு ஆணி போடாமல் அனுப்ப மாட்டார். பாதிரியாருக்குத் தெரியாது.

பூனியான்கள் பின்வாங்கினார்கள். ஆனால் கதவு திறக்கவில்லை. பயந்தவன் எதற்குக் கதவைத் திறப்பான்?

இரண்டாம் வாரம் சீப்பு, கண்ணாடி, கறுப்பு வளையல். லோகா சொல்லிக் கொடுத்த வரிசை. அதை ஆசையாக வாங்கிக்கொண்டார்கள். பதில் மரியாதையாகச் சாப்பாடு வைத்தார்கள், உப்பில்லாமல். வாசுகி கையை வைக்கவில்லை.

மூன்றாம் வாரம் அவள் வாசலில் நின்று, “அத்தை” என்று கூப்பிட்டாள்.

என் முதல் விதியைப் பிடித்துவிட்டாள். அந்த வீட்டுப் பெரிய அம்மாவின் குரலில் நான், “வாம்மா” என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது. கூடத்தில் உட்கார வைத்தேன். அவள் நேராகக் கேட்டாள்: “என் தம்பி எங்க?”

அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். “உன் தம்பி எங்கள் வீட்டு மருமகன். உங்கள் வழக்கப்படியே தாலி கட்டி, என் மகளோடு வாழ்கிறான். கட்டியவனைத் திருப்பி அனுப்புவது முறையில்லை.”

முறையை வைத்தே கதவைச் சாத்திவிட்டேன். எல்லாக் கட்டமும் நிரப்பி முத்திரை குத்திய படிவம் அது. எந்த அதிகாரியும் குறை கண்டுபிடிக்க முடியாது என்று உள்ளுக்குள் ஒரு திமிர். வாசுகி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. பினாங்கு போக வேண்டிய சரக்குக்கு ஜொகூர் என்று எழுதிவிட்டு மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். விதியைக் காப்பாற்றிவிட்டேன், சரி. அதனால் யாருக்கு என்ன லாபம் என்று ஒருமுறை கேட்டுக்கொண்டேன். விதியை மாற்றாதே என்று அவளே சொன்னாளே என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் நிம்மதி தரவில்லை.

பந்தியில் நான் தவறவிட்டது

அடுத்த ஞாயிறு வாசுகி எல்லோருக்கும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். காப்பிகூட வேண்டாம் என்றாள்.

“அத்தை, தாலி கட்டுனான்னு சொன்னீங்க. எத்தனை முடிச்சு?”

“மூன்று,” என்றேன் அத்தையின் குரலில். அதுகூடவா எனக்குத் தெரியாது?

“மூணும் யாரு போட்டது?”

“வேறு யார்? மாப்பிள்ளைதான்.”

லோகா வாயில் வைத்திருந்த ஊசிகளைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். “ஐயோ டேனி அண்ணே!”

எனக்குப் புரியவில்லை. நான் பார்க்காத இந்துக் கல்யாணமா? நூறு கல்யாணத்துக்குப் போயிருப்பேன். ஆனால் கெட்டிமேளம் கொட்டும்போது அட்சதையை நின்ற இடத்திலிருந்தே எறிந்துவிட்டுப் பந்தியில் இடம் பிடிக்க ஓடுகிற ஆள் நான். மேடையில் அதற்கப்புறம் என்ன நடக்கிறது என்று நின்று பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணங்கள் மோதிரத்தோடு முடிந்துவிடும்.

வாசுகி சொன்னாள். ரொம்ப நிதானமாகச் சொன்னாள்.

“மொத முடிச்சுதான் மாப்பிள்ளை. மத்த ரெண்டும் நாத்தனார் போடணும். அவனுக்குக் கூடப் பொறந்தது நான் ஒருத்திதான். அந்த நேரத்துல நான் கிள்ளான்ல கையுறை எண்ணிக்கிட்டு இருந்தேன். என்ன யாரும் கூப்பிடல. அப்ப அந்த ரெண்டு முடிச்சு எப்படி விழுந்துச்சு அத்தை?”

வாசுகி நோட்டின் பக்கம் விரலை நீட்டினாள்.

“உங்க நோட்ட எடுங்க அண்ணே. ரெண்டாவது ரூல படிங்க.”

படித்தேன். மனிதரிடமிருந்து எந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டாலும் அதைத் துளியும் மீறாது. என் கையெழுத்துதான். கீழே கோடு வேறு போட்டிருந்தேன்.

“போஸ்,” என்றான் ரவீன், “அப்ப கல்யாணமே செல்லாது லா.”

நான் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினேன். வழி இல்லை. அவளுக்காக நான் எதையும் தளர்த்தவில்லை. அவள் என்னை என் எழுத்தாலேயே கட்டிப் போட்டுவிட்டாள். தோற்றதில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு அதுவரை வந்ததில்லை. பகடையை எடுக்கப் போனேன்.

“முறைக்கு எதுக்கு அண்ணே பகடை?” என்றாள்.

கையை எடுத்துவிட்டேன். “தப்பு எங்கள் மேல்தான்,” என்றேன் அத்தையாக. “உன் தம்பியைக் கூட்டிப் போம்மா.”

லோகா கைதட்டினாள். வாசுகி அசையவில்லை. அவள் கண்கள் நிரம்பியிருந்தன, ஆனால் குரல் அப்படியே இருந்தது.

“கூட்டிட்டு வந்து எங்க வைக்கிறது அண்ணே? ஆறு மணிக்கு நோட்ட மூடிருவீங்க.”

அவள் மறுபடி அத்தையிடம் பேசினாள்.

“நான் கூட்டிட்டுப் போக வரல அத்தை. முடிச்சு போட வந்திருக்கேன்.”

லோகா எழுந்து போய் நூல் பெட்டியிலிருந்து மஞ்சள் நூல் ஒரு முழம் அறுத்து வந்தாள். வாசுகி அதை மேசையில் நீட்டி வைத்தாள். ஒரு முனையில் விரல் அகலம் இடம் விட்டாள்.

“இது அவன் போட்டாச்சு.”

அதற்குப் பக்கத்தில் ஒன்று, அதற்கும் பக்கத்தில் இன்னொன்று என்று இரண்டு முடிச்சுகளை இறுக்கிப் போட்டாள். கையுறைகளை இழுத்துப் பார்த்துச் சோதிக்கிற கை அது. நூலை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

“இனிமே எங்க வீட்டுக்கும் உங்க வீட்டுக்கும் உறவு. மறுவீட்டுக்கு ரெண்டு பேரும் எங்க அம்மா வீட்டுக்கு வரணும். என்னைக்குன்னு நான் சொல்லி அனுப்புறேன்.”

எல்லோரும் அழுவார்கள் என்று கணக்குப் போட்டவன், அன்றைக்கு நான்தான் அழுதேன். ரவீன் தன் டிஷ்யூ பாக்கெட்டை என் பக்கம் தள்ளினான்.

காப்பார், ஆறு இலை

புதன்கிழமை அவள் போன் செய்தாள்.

“அம்மாகிட்ட சொல்லிட்டேன் அண்ணே. ஆட்டம்னு சொல்லித்தான் சொன்னேன், ஒன்னும் மறைக்கல. முழுசா கேட்டாங்க. அப்புறம், பொண்ணு பேரு என்னன்னு கேட்டாங்க.”

நான் பெயரே வைக்கவில்லை. அவர்கள் வெளியாளுக்குப் பெயர் சொல்ல மாட்டார்கள் என்று மழுப்பினேன். “வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாரும் சாப்பிட வாங்க, அம்மா சொன்னாங்க” என்று வைத்துவிட்டாள்.

ரவீனின் காரில் மூவரும் போனோம். லோகா மடியில் மல்லிகைப்பூ. என் பையில் பழக்க தோஷத்தால் அந்த நோட்டு. நீல வீடு தூரத்திலேயே தெரிந்தது. சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர்க் கறை.

வாசலில் வாசுகியின் அம்மா நின்றார். மெலிந்த உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பொண்ணு வீட்டுக்குப் பேசுறது நீங்கதானா?”

திரும்பி வாசுகியைப் பார்த்தேன். அவள் உதவிக்கு வரவில்லை.

“ஆமாம்மா. ஆட்டத்துல... நான்தான்.”

“ஆட்டம்னு தெரியும் தம்பி, சொன்னா. ஆட்டமா இருந்தாலும் ஒரு முறை இல்லையா? பெத்தவ ஒருத்தி இங்க உக்காந்திருக்கேன். கல்யாணத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி விட வேணாமா?”

சிரிப்பதா என்று ஒரு நொடி தடுமாறினேன். அவர் கண்ணைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. எத்தனையோ வருடமாக யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வைத்திருந்த கேள்வி அது. கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்டான். சம்பந்தி வீட்டு ஆளாக நின்று அதை வாங்கிக்கொள்வதுதான் நியாயம் என்று பட்டது.

“தப்புதாம்மா,” என்றேன். “சொல்லியிருக்கணும். எங்க மேலதான் தப்பு.”

“சரி, உள்ள வாங்க,” என்றார்.

கூடத்தில் ஆறு இலை போட்டிருந்தது. எங்கள் நால்வருக்கு நான்கு. எதிர்ச் சுவரோரம் தனியாக இரண்டு, பக்கம் பக்கமாக. லோகா கேட்காமலேயே போய் அதில் ஒன்றின் தலைப்பக்கம் மல்லிகையை வைத்தாள்.

அம்மா ஒரு சின்னப் பாத்திரத்தை எடுத்து வந்தார். “அந்தப் பொண்ணு உப்பு சேக்காதாமே. சாம்பாரும் பொரியலும் தனியா எடுத்து வெச்சேன்.” பூ வைத்த இலையில் பரிமாறினார். அடுத்த இலையில் நண்டுக் குழம்பை ஊற்றினார். அடுப்பிலிருந்து இறக்கிய பெரிய சட்டியிலிருந்து, எங்களுக்கு ஊற்றிய அதே குழம்பு.

வாசுகி என்னைப் பார்த்தாள். மூன்றாம் விதி அவளுக்கும் மனப்பாடம். அங்கே சாப்பிட்டவனுக்கு உப்பு ருசி மறந்துவிடும். நான் என் இலையைப் பார்த்துக் குனிந்தேன். ஆனால் என் முகம் எப்போதும் என்னைக் காட்டிக் கொடுத்துவிடும்.

“என்ன தம்பி?”

“ஒன்னுமில்லம்மா. அவருக்கும் உப்பு...”

“நீங்க என்ன வேணா எழுதி வெச்சுக்குங்க,” என்றார் அம்மா, கரண்டியை நிறுத்தாமல். “அந்த நாக்கு நான் பழக்குனது.”

சாப்பிட்டோம். நண்டில் காரமும் உப்பும் தூக்கலாக இருந்தது. எதிரே இருந்த இரண்டு இலையையும் அம்மா அவ்வப்போது பார்த்துக்கொண்டார். கடைசியில் மோர் ஊற்றும்போது, “பொண்ணு நல்லா பாத்துக்குதா அவன?” என்று கேட்டார். நல்லா பாத்துக்குதும்மா என்றேன். அது பொய்யா என்று அடுத்த ஞாயிறு சர்ச்சில் உட்கார்ந்து யோசித்தேன். இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

கிளம்பும்போது அம்மா கேட்டுக்கு அருகில் என்னை நிறுத்தினார். “அந்த நோட்டு கொண்டாந்திருக்கீங்களா?”

எடுத்தேன்.

“கடல் ஏறுறதுக்கு முன்ன நாங்க வீடு மாறுறோம். உங்க ஆளுங்ககிட்ட சொல்லிருங்க. வாசுகி, கிள்ளான் வீட்டு அட்ரஸ சொல்லுடி.”

வாசுகி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். பிளாக், மாடி, கதவு எண். நான் முதல் பக்கத்தைத் திறந்து மூன்றாவது விதியைக் குறுக்கே அடித்தேன். அதற்குக் கீழே முகவரியை எழுதினேன்.

அம்மா எட்டிப் பார்த்தார்.

“மூணாவது மாடி. லிஃப்ட் இருக்கு, ஆனா அடிக்கடி கெட்டுப் போகும். அதையும் எழுதிக்குங்க தம்பி.”

எழுதிக்கொண்டேன்.